‘எ’ என்றால் ஒரு

ஜீப் நகர்ந்துவிட்டது. நான் அதன் பின்னால் ஓடிக்கொண்டே, “ஒன் சேர்! ஒன்லி ஒன் பிரதர் சேர்!” என்று கத்தினேன். வேறு யாரோ ஒரு பிள்ளை கத்துவது போல இருந்தது. பின் சீட்டில் இரண்டு ஆமிக்காரர்களுக்கு நடுவில் இருந்த ஒஸ்வல்ட் அண்ணன் திரும்பிப் பார்த்தான். கையை லேசாகத் தூக்கி, வீட்டுக்குப் போ என்று காட்டினான். வளைவு வந்தது. அதற்குப் பிறகு டீசல் புகை மட்டும்தான்.

என் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. தடுப்பில் நின்ற சின்ன வயது ஆமிக்காரன் அதைச் சப்பாத்துக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, “யன்ன நங்கி, பஸ் எக்கே யன்ன” என்றான். போ தங்கச்சி, பஸ்ஸில் போ என்கிறான். அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கும். பேசத்தான் வராது.

பேச வந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. ‘மகே அய்யா’ என்று சொல்லியிருப்பேன். என் அண்ணன். அதோடு முடிந்திருக்கும். நான் இங்கிலீஷில் சொன்னேன். அதுவும் நல்ல இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

எல்லாரும் தூங்குவதாகப் பாசாங்கு செய்யும் இந்த நேரத்தில், நடந்ததை முதலில் இருந்து எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான்.

அண்ணன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு பண்ணுகிற வேலை. மாதத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். இன்றைக்கு மாத்தளை டவுனில் இறங்கி, என் டியூசன் வகுப்பு வாசலுக்கே வந்து நின்றான். இரண்டு பேரும் எங்கள் தோட்டத்துக்குப் போகிற எல்கடுவ பஸ்ஸில் ஏறினோம். ஏறினதும் என்னைச் சீண்டத் தொடங்கினான்.

“என்னா பாப்பா, மார்ஜரி மிஸ் இன்னைக்கி என்னா கிழிச்சாங்க?”

“நீ வெள்ளக்காரன்கிட்ட உன் கூட்டாளியப் பத்தி சொல்லணும்னா எப்பிடிண்ணே சொல்லுவ?”

“மை பிரண்டும்பேன். வேற எப்பிடி சொல்றது?”

“அது சும்மா ஆளுங்க பேசுறது. ‘எ பிரண்ட் ஒஃப் மைன்’, அப்பிடி சொல்லணும். அதுதான் படிச்சவங்க பேச்சு.”

“அடேங்கப்பா! எ பிரண்ட் ஒஃப் மைன். எ டவல் ஒஃப் மைன். எ வாளி ஒஃப் மைன்.” அவன் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். டிக்கட் போட வந்த கொண்டக்டர், “தொர, எ காசு ஒஃப் யுவர்ஸ் எங்க?” என்று கேட்டதும் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான்.

வழியில் ஆமித் தடுப்பு. புதிதல்ல, வடக்கில் சண்டை மும்முரமான இந்த வருடம் எங்கே பார்த்தாலும் தடுப்புத்தான். எல்லாரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அண்ணனின் ஐடென்டி கார்டை வாங்கிப் பார்த்தவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது ஹோட்டல் மெசினில் சேர்ட்டோடு சேர்ந்து துவைபட்டுப் போயிருந்தது. முகம் இருந்த இடத்தில் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளை. புதுசுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், இன்னும் வரவில்லை. அதைச் சிங்களத்தில் அழகாகச் சொன்னான். ஆனாலும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வரிசையை விட்டு விலகி, தூரமாகப் பின்னாலேயே போனேன்.

அந்த அதிகாரி கண்ணாடி போட்டிருந்தார். சீருடையைக் கழற்றிவிட்டால் பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருப்பார். அண்ணன் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். முடிந்துவிட்டது, விடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது என்னைக் கண்டுவிட்டார். விரலால் கூப்பிட்டார். அண்ணனைக் காட்டி, “மே கவுத?” என்றார். இது யார்?

எனக்கு ‘அய்யா’ என்ற சொல்கூட வரவில்லை. அவர் என் கக்கத்தில் இருந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஓ, இங்கிலீஷ்! குட். ஹூ இஸ் திஸ் மேன்?”

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பயத்தோடு எனக்கு ஒரு சந்தோசமும் வந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன் படித்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. நல்ல பிள்ளை, படித்த பிள்ளை என்று நினைத்து இரண்டு பேரையும் விட்டுவிடுவார். நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“ஹி இஸ் எ பிரதர் ஒஃப் மைன், சேர்.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டதைக் கண்டேன்.

“எ பிரதர் ஒஃப் யுவர்ஸ்,” என்று அதிகாரி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “வெரி குட் இங்கிலீஷ்.” பிறகு அதே சிரிப்போடு, எத்தனை சகோதரர்கள் என்று கேட்டார்.

“ஒன், சேர்.”

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னார். ஒரே சகோதரன் என்றால் ‘மை பிரதர்’ என்று சொல்ல வேண்டும். நீ அப்படிச் சொல்லவில்லை. பல பேரில் ஒருவன் என்று சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். மற்றவன் எங்கே?

சொற்கள் விளங்கின. விசயம் விளங்கவில்லை. “ஒன் சேர், ஒன் சேர்” என்று கிளி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். அண்ணன் குறுக்கே புகுந்து, “மம விதரய் சேர்” என்றான். நான் மட்டும்தான் சேர். அவனைப் பேசாதே என்றார்கள்.

அவர் என்னையே கேட்டார். அப்பா பேர்? ரபாயேல். எல்கடுவைக்கு முன் எங்கே இருந்தீர்கள்? அப்பா அம்மா முன்னால் வேலை செய்த பழைய தோட்டத்தின் பேரையும் சொல்லிவிட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம். பக்கத்தில் நின்றவன் எல்லாவற்றையும் எழுதினான். “வி வில் செக்,” என்றார் அவர். பிறகு எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டு, நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வா, மற்றவன் எங்கே என்று சொல், இவனைக் கூட்டிக்கொண்டு போ என்றார். சந்தையில் சாமான் மாற்றிக்கொள்வதைப் பேசுகிற மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நான் என்ன பிழை விட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ‘எ’ என்றால் ஒரு. ஒரு என்றால் ஒன்று. ‘எனக்கு ஒரு அண்ணன்’ என்று தமிழில் சொன்னால் யாருக்காவது சந்தேகம் வருமா? ஒரே அண்ணன் என்பதுதானே அர்த்தம்? நான் அதைத்தானே சொன்னேன்?

பஸ்ஸில் என்னைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். ஏற்றினவர்களே பிறகு தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. முன்னால் இருந்த ஒரு கிழவர் மட்டும் திரும்பி, “என்னா புள்ள சொன்னே அவன்கிட்ட?” என்று கேட்டார்.

“அண்ணன்னு சொன்னேன் தாத்தா.”

“அதுக்கா புடிச்சிட்டுப் போனான்?”

“இங்கிலீஷ்ல சொன்னேன்.”

“அதான பாத்தேன்,” என்றார் அவர். கொண்டக்டர் மறுபடி என்னிடம் வரவே இல்லை.

எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் படியேறினேன். மேல் லயத்து சந்திரகாந்தா அக்காவின் மகன் வாசலில் குந்தியிருந்தான். அவனையும் போன வருடம் சின்ன விசாரணை என்றுதான் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தான். ஆனால் யாராவது பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறான். நான் அவனைத் தாண்டி ஓடினேன்.

அம்மா தேயிலை மலையில் இருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கிவைத்திருந்தாள். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கருவாடு ஊறவைத்திருந்தாள். அப்பா பெக்டரியில் இருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அப்பா ஈர முகத்தோடு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“இப்ப போகாதீங்க,” என்று அம்மா கதவை மறைத்து நின்றாள். “உங்களையும் வச்சிக்கிட்டா நாங்க என்னா செய்யிறது?”

“அப்ப அவன அங்க விட்டுட்டு கருவாட்டுக் கொழம்பு திங்கச் சொல்றியா?”

“நாளைக்கித்தான வரச் சொல்லியிருக்கான். சிங்களம் தெரிஞ்ச ஆள் யாரையாவது கூட்டிக்கிட்டு போங்க.”

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். “நீ சொன்னத மறுக்கா சொல்லு.”

“எ பிரதர் ஒஃப் மைன்.”

“அப்பிடின்னா?”

“எனக்கு ஒரு அண்ணன். அப்பிடித்தான் நெனச்சி சொன்னேன்.”

“சரியாத்தான சொல்லியிருக்கே?” என்றார் அப்பா. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பெக்டரி மெசினில் எழுதியிருக்கிற இரண்டு மூன்று சொல் தெரியும். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவின் போனுக்கு பிள்ளைக்காம்பிரா படியில் நின்றால்தான் சிக்னல் வரும். மலைக்குப் போகிற பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். அந்த நேரத்தில் பூட்டியிருந்தது. நான் நூருன்னிஸாவுக்கு கோல் எடுத்தேன். என்னோடு டியூசன் படிக்கிறவள். அவள் வாப்பாவுக்கு டவுனில் மிளகு, கராம்புக் கடை. யாகூப் நானா என்றால் அப்பாவுக்கும் பழக்கம்; நானா என்பது அவர்கள் பேச்சில் அண்ணன். எங்கள் வீட்டுக் கராம்பை அவரிடம்தான் விற்பது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எங்கள் பஸ்ஸைப் பிடிக்க நான் எப்போதும் வகுப்பு முடியும் முன்பே எழுந்துவிடுவேன். இன்றைக்கும் மார்ஜரி மிஸ் பலகையில் அந்த வாக்கியங்களை எழுதி முடித்ததும் எழுந்தேன். “மிஸ், டொறீனுக்கு பஸ் வந்திரிச்சி, எ பஸ் ஒஃப் ஹேர்ஸ்!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் “இருங்க, எப்ப சொல்லணும்னு இனித்தான் வரப்போகுது” என்று சொன்னது வாசலில் என் காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

“நான் போனப்புறம் மிஸ் என்னா சொன்னாங்க நூருன்னிஸா?”

“அதக் கேக்கவா கோல் எடுத்தாய்? சிரிச்சி வகுறு நொந்திச்சி. ஒண்டே ஒண்டு ஈக்கிற சாமானுக்கு அப்பிடி செல்ல ஏலாதாம். ‘எ நோஸ் ஒஃப் மைன்’ண்டு செல்லிப் பாருங்கண்டாங்க.”

“அதுல என்னா சிரிப்பு?”

“ஒனக்கு எத்தின மூக்கு ஈக்கி? ஒண்டுதானே. எ நோஸ் ஒஃப் மைன்டா, என்ட மூக்குகள்ல ஒரு மூக்காம். ஊட்டுல இன்னம் ரெண்டு மூக்கு வச்சிருக்கிற மாதிரி அர்த்தம் வருமாம். விரலுக்குச் செல்லலாமாம், மூக்குக்கு ஏலாதாம்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “அப்ப எ பிரதர் ஒஃப் மைன்?”

“பல நானாமார்ல ஒரு நானா. ஏன்டி? ஏன் ஒரு மாதிரி பேசுறாய்?”

சொன்னேன். அவள் பக்கத்தில் “வாப்பா, வாப்பா” என்று ஓடுகிற சத்தம் கேட்டது. யாகூப் நானா வந்து, முழுவதையும் கேட்டு, அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அப்பா காதில் வைத்திருந்த போனில் இருந்து அவர் குரல் எனக்கும் கேட்டது.

“ரபாயேல், பயப்பட வாணாம். படிக்கிற புள்ளட வாய் தவறினது. நாளைக்கி நானும் வாறேன். அந்த டீச்சரம்மாவையும் கெஞ்சிக் கூட்டிக்கிட்டு போவம். அவவே செல்லட்டும், புள்ளைக்கி பாடம் பாதிதான் படிச்சிக் குடுத்தேண்டு. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள்தானே அவன், வெளங்கிக்குவான்.”

“பெரிய உதவிங்க நானா,” என்றார் அப்பா. போனை வைத்த பிறகு என் தலையில் கையை வைத்தார். “மூக்கா?” என்றார். “ஒனக்கு ஒரு மூக்கு, அந்த ஒஸ்வல்ட்டுக்கு ஊருக்கே போதுற மாதிரி ஒரு மூக்கு.” அவர் சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். படியிறங்கி வருகிறபோது எனக்குப் பசிகூட எடுத்தது. பிழை எது என்று தெரிந்துவிட்டது. பிழை என்று ஒத்துக்கொண்டால் போதும். ஐ ஆம் சொரி சேர், மை கிரமர் இஸ் ரோங் சேர். அதை இருபது தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக் காம்பிராவுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, ஒண்ணுமில்லம்மா! சும்மா ஒரு சொல்லுதான். நான் சொன்னதுக்கு, எனக்கு இருக்கிற அண்ணன்மார்ல இவன் ஒருத்தன்னு அர்த்தமாம். நமக்கு ஒருத்தன்தானே இருக்கான். அதனால அது தப்பு. நாளைக்கி தப்புன்னு சொல்லிட்டா விட்டிருவாங்களாம்.”

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. கையில் இருந்த விறகை அடுப்பில் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“சவரி,” என்று அப்பா வாசலில் இருந்து கூப்பிட்டார். அந்தக் குரலில் எதையோ தடுக்கிற மாதிரி இருந்தது.

“அது தப்பில்ல,” என்றாள் அம்மா.

“சவரி, வாய மூடு.”

“இருபத்தஞ்சு வருசமா மூடித்தான இருக்கேன்.” விறகைக் கீழே போட்டாள். “ஒஸ்வல்ட்டுக்கு முந்தி ஒருத்தன் இருந்தான் டொறீன். செபஸ்தியன்னு பேரு.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

அம்மா சொன்னது இதுதான். எண்பத்து மூன்றாம் வருடக் கலவரத்தில் பழைய தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். இரண்டு பேரும் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு மேலே இருந்த காட்டுக்குள் ஓடினார்கள். நல்ல மழை. பிள்ளைக்கு முதலே சளி. புகையைக் கண்டால் வந்துவிடுவார்கள் என்று நெருப்புக்கூட மூட்டவில்லை. பிள்ளைக்கு நெஞ்சு இழுத்தது. பிறகு இழுப்பதும் நின்றுவிட்டது. ஓடைக்குப் பக்கத்தில் அப்பா கையாலேயே மண்ணைத் தோண்டினார். கடைசியில் லொறி வந்து எல்லாரையும் அகதி முகாமுக்கு ஏற்றிப்போனது. அங்கேயிருந்து ஆளைப் பிடித்து இந்தத் தோட்டத்தில் வேலை எடுத்தார்கள்.

“முகாம்ல பேர் எழுதுறவன் எத்தன பேருன்னு கேட்டான். ஒங்கப்பா ரெண்டு பேருன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். வாய தொறக்கல.”

“வேற என்னா சொல்றது? மூணுன்னு சொல்லச் சொல்றியா?” என்றார் அப்பா. “மண்ணுல வச்சிட்டு வந்தவன எந்தக் கணக்குல சேக்கிறது?”

“நான் ஒங்கள குத்தம் சொல்லல. இப்ப கேளுங்க. அவன் பொறந்தப்ப பதிஞ்சீங்க. தோட்டத்து ஆஸ்பத்திரியில துண்டு வாங்கி நீங்களே போயி பதிஞ்சீங்க. செத்தத பதிஞ்சீங்களா?”

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. அந்த அதிகாரி அப்பாவின் பேரைக் கேட்டார். பழைய தோட்டத்தின் பேரைக் கேட்டார். இரண்டையும் நான்தான் கொடுத்தேன். வி வில் செக். பார்த்தால் என்ன இருக்கும்? ரபாயேலுக்கும் சவரியம்மாவுக்கும் மூத்த மகன், செபஸ்தியன். பிறந்திருக்கிறான், சாகவில்லை. இப்போது இருபத்தைந்து வயது. ஐடென்டி எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கேயும் வேலை செய்யவில்லை. அப்பா அவனைப் பற்றி மூச்சே விடவில்லை. தங்கச்சிக்காரி வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று கத்துகிறாள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு தமிழ்ப் பையன் எங்கே இருப்பான் என்று அவர்கள் நினைப்பார்கள்? இயக்கத்தில் சேர்ந்து வடக்கில் காட்டில் இருக்கிறான் என்றுதானே?

“அவங்க இன்னும் பாத்திருக்க மாட்டாங்க,” என்றார் அப்பா. “சனி ஞாயிறுல எந்த ஒப்பிஸ் தொறந்திருக்கும்? நாளைக்கி போயி ஒருத்தன்தான்னு அடிச்சி சொல்லுவோம். டீச்சரும் சொல்லுவாங்க. ஒஸ்வல்ட்ட கூட்டிக்கிட்டு வந்திருவோம்.”

“வந்தப்புறம் பாத்தான்னா? பொய் சொல்லிட்டோம்னு நேரா வீட்டுக்கே வருவான். அப்ப எந்த டீச்சர் வருவாங்க?”

“அப்ப நீ என்னா சொல்லச் சொல்ற?”

“இருந்தான், செத்துட்டான்னு சொல்லுங்க. அதான உண்மை.”

“நம்புவானா? எங்க பொதச்சேன்னு கேப்பான். தோண்டிக் காட்டுன்னு சொல்லுவான். அந்த எடத்துல இப்ப ஏலம் நட்டிருக்காங்க சவரி, நான் போயி பாத்திருக்கேன்.” சொல்லிவிட்டு அப்பா சட்டென்று நிறுத்தினார். அவர் அங்கே போய்வந்தது அம்மாவுக்குத் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. “எப்பிடி செத்தான்னு கேட்டா என்னா சொல்றது? ஒங்க ஆளுங்க நெருப்பு வச்சாங்கன்னு அவன் மூஞ்சிக்கி முன்னாடி சொல்லவா? சொல்லிட்டு மகன கேக்கவா?”

அம்மா எழுந்து கருவாட்டுத் தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள்.

யாகூப் நானாவுக்கு இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அப்பா பலமுறை பிள்ளைக்காம்பிரா பக்கம் போய்ப்போய்த் திரும்பி வந்தார். சொன்னால் அவர் நாளைக்கு வராமல் விட்டுவிடுவாரோ என்ற பயம். சொல்லாமல் கூட்டிப்போனால் அவரையும் பொய்க்காரர் ஆக்குகிறோம். மார்ஜரி மிஸ்ஸையும்தான். மிஸ் அங்கே போய் நின்று, இந்தப் பிள்ளை சொன்னது பிழை என்று சொல்லப்போகிறார். நான் சொன்னது பிழை இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ‘மை கிரமர் இஸ் ரோங்’ என்று அந்தக் கண்ணாடிக்கார அதிகாரிக்கு முன்னால் சொல்ல என்னால் முடியுமா? அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மத்தியானம் எனக்கு ஒன்றும் தெரியாதபோதே நம்பாதவர்.

இந்நேரம் ஒஸ்வல்ட் அண்ணனிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மற்றவன் எங்கே? அவனுக்கும் செபஸ்தியனைத் தெரியாது. நான் மட்டும்தான், நான் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பான். தெரியாததை எப்படிச் சொல்லுவான்? எவ்வளவு நேரம் சொல்லுவான்? யாராவது பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்களோ?

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, தூங்கினால் குறட்டை வரும். கீழே ரோட்டில் ஏதோ வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அது பெக்டரிப் பக்கம் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் பாயில் வந்து படுத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படி வந்து படுத்ததில்லை. அவள் கையில் இன்னும் கருவாட்டு வாசம். என் காதுக்குள், அப்பாவுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

“டொறீன், நாளைக்கி அவன்கிட்ட என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியணும். நீ சொன்ன அந்தச் சொல்லுல, செத்துப்போனவனையும் சேத்துத்தான் எண்ணுவாங்களா?”